அப்பளம் உடையாத நிழல்

செபத்தியான் கடைக்குக் கரண்டுத் தராசு வந்த வருசம்னு வச்சிக்கிடுங்க, இல்லன்னா அதுக்கு மறுவருசம், பங்குனி பொறந்து மொத செவ்வாக்கிழமை காலையில, சேவல்முனையில இருக்குற அம்புட்டு மனுசருக்கும் நிழல் கனக்க ஆரம்பிச்சிட்டு.

சேவல்முனைன்னா தூத்துக்குடிக்குத் தெக்க, ஒரு பக்கம் கடலு, மூணு பக்கம் உப்பளம், நடுவுல எழுவது வீடு, ஊருக்குள்ள வாறதுக்கு ஓடை மேல ஒரு சின்னப் பாலம். மொதல்ல அதக் கண்டது தங்கபுஷ்பந்தான். அளத்துல உப்புச் சொமக்குறவ. இருட்டோட நாலு மணிக்குப் போயி, தலையில சும்மாட்டக் கூட்டி, பெட்டி பெட்டியா பாத்தியிலருந்து உப்ப அள்ளி அம்பாரத்துல தட்டிக்கிட்டு இருந்தவளுக்கு, கடலுக்குள்ளருந்து சூரியன் எந்திரிச்சதும் பின்னாலருந்து யாரோ பிடிச்சி இழுக்குற மாதிரி இருந்துச்சி. சேலைதான் நனைஞ்சி இழுக்குன்னு நெனச்சி எடுத்துச் செருவுனா. பெறவும் இழுத்துச்சி. திரும்பிப் பாத்தா ஒருத்தருமில்ல, அவ நிழல்தான் பனமரம் ஒசரத்துக்கு வரப்பு மேல கெடக்கு. "என்னளா இது, ஈரப் போர்வையக் கட்டி இழுக்குத மாதிரி இருக்கு"ன்னு பக்கத்துல வந்த அன்னப்பழத்துக்கிட்ட சொன்னா, அன்னப்பழம் "எனக்கு மட்டும் என்ன பஞ்சாவா இருக்கு"ன்னுட்டுப் போயிட்டா. அம்புட்டுத்தான். அன்னைக்கு அதப் பத்தி ஊருல நடந்த பேச்சு அம்புட்டுத்தான், ஏன்னா அன்னைக்குத்தான் தண்ணி லாரி வாற நாளு, கொடத்த வரிசையில போடணும்லா.

சூரியன் ஏற ஏற நிழல் குட்டையாகும், குட்டையாக ஆகக் கனம் கொறையும், உச்சிப் பொழுதுல செருப்பு கனந்தான் இருக்கும், சாய சாய மறுபடியும் கனக்கும். செபத்தியான் கடையில ஏறி நின்னு பாத்தாவ. தங்கபுஷ்பம் காலைல ஏழு மணிக்கு அறுவத்தி மூணு கிலோ, பன்னெண்டு மணிக்கு நாப்பத்தொம்பது. தராசுதான் கெட்டுப்போச்சின்னு செபத்தியான் அதச் சாக்குல சுத்தி டவுனுக்குக் கொண்டுபோயி கடைக்காரன்கிட்டச் சண்டை போட்டான். அங்க வச்சி நிறுத்தா எல்லாம் சரியாத்தான் காட்டுது. பாலத்தத் தாண்டிட்டா கனம் கெடையாது, அதான் விசயம். பஸ்ஸு பாலத்தத் தாண்டும்போது எல்லாரும் சீட்டுலருந்து அரை விரக்கடை எழும்பி எறங்குவாவ, கண்டக்டர் டிக்கெட்டக் கிழிச்சிக்கிட்டே அவரும் எழும்பி எறங்குவாரு. அன்னப்பழம் கோவிச்சிக்கிட்டு டவுனுல தங்கச்சி வீட்டுக்குப் போயி ஒரு வாரம் இருந்துட்டு, "அங்க காலு தரையிலயே பாவமாட்டேங்கு, கெறக்கமா வருது"ன்னு திரும்பி வந்துட்டா.

ஒரு மாசத்துல ஊரு அதுக்கு ஏத்தாப்புலத் தன்ன மாத்திக்கிட்டு. விடியக்காலம் வச்சிருந்த கல்யாண முகூர்த்தத்தையெல்லாம் உச்சிக்கு மாத்துனாவ. குடை பிடிச்சா குடை நிழலும் மனுசன் நிழலோட சேந்து கனக்குன்னு கண்டுபிடிச்சி, அம்புட்டுக் குடையையும் பரண்ல போட்டாவ. காலைல ஒருத்தர் முன்னால ஒருத்தர் போகணும்னா "நிழல் வருது"ன்னு ஒரு சத்தம் குடுக்கணும்னு வழக்கம் வந்துச்சி, ஏன்னா அது விழுந்த எடத்த அமுக்கும். காயப்போட்ட வடகத்து மேல விழுந்தா பொடியாயிரும், பச்சப்புள்ள மேல விழுந்தா வீல்னு கத்தும். பிள்ளைக ஒருத்தன் நிழல ஒருத்தன் மிதிச்சிக்கிட்டு ஓடவிடாம வெளையாடுனாவ. ஆட்டுக்கு மாட்டுக்கெல்லாம் கனம் கெடையாது, நமக்கு மட்டுந்தான். நம்ம பாட்டன் பூட்டன் காலத்துல, நிழல் மேல பட்டாத் தீட்டுன்னு தெருவுக்கு அந்தால நிக்கச் சொன்னானுவள்லா, அவனுவளுக்கு அப்பவே தெரிஞ்சிருக்குமோ என்னமோ இதுல கனம் இருக்குன்னு. அது வேற கதை.

காசிராசன் கதையக் கொஞ்சம் சொல்லிருதேன், தங்கபுஷ்பத்துக்குத் தாலி கட்டுன மாப்ள அவன்தான். நல்லவன். ஒரு சொல்லு எதுத்துச் சொல்லமாட்டான், யாரையும், எதையும். ஒரு ஐப்பசி மழையில வீட்டுக் கூரை ஒழுகுச்சி. ஒழுகுற எடத்த விட்டுப் பாயத் தள்ளிப் போட்டான். அங்கயும் ஒழுகுச்சி, இன்னும் தள்ளிப் போட்டான். தள்ளித் தள்ளி, விடியும்போது பாரு, வாசப்படிக்கு வெளிய தெருவுல கெடக்கான், மேல வானம் ஒழுகுது. "என்னங்க இது"ன்னு இவ கேட்டதுக்கு, "இங்க ஒரே சீரா ஒழுகுது புள்ள"ன்னானாம்.

அன்னப்பழம் அதுக்கு நேர் மாறு. பக்கத்து வீடு, தங்கபுஷ்பத்துக்கு அக்கா மொற. ஒருக்கா அவ செருப்பக் கடலு இழுத்துட்டுப் போயிட்டுன்னு, இடுப்புல கைய வச்சிக்கிட்டு அலையப் பாத்து மத்தியானம் வரைக்கும் வஞ்சா. நிழல் கனத்ததும் அவ விட்டாளா? தேங்கா நார வச்சித் தேச்சிப் பாத்தா. சொடலமாடனுக்கு ஒரு சேவல நேந்தா, அது சரிப்படலன்னு மாதா கோயிலுக்கு மெழுகுதிரி கொண்டுபோனா. ஆஸ்பத்திரில காட்டுனா, அங்க ஒரு மாசத்துக்குச் சத்து மாத்திரை குடுத்தாவ. கலெக்டருக்கு மனு எழுதி எழுதி, மனு எழுதிக் குடுக்குறவரே "அம்மா, மேற்படி நிழல்னு போடட்டா, மேற்படி பாரம்னு போடட்டா"ன்னு கேக்குற அளவுக்கு ஆயிட்டு.

இந்த ரெண்டு பேருக்கும் நடுவுல தங்கபுஷ்பம். ஒரு காதுல "விடு புள்ள", மறு காதுல "விடாதட்டி".

இப்ப அளத்துக்கு வருவோம். காலைல ஆறுலருந்து பத்து வரைக்கும் பெட்டியத் தூக்கவே முடியல, பெட்டியோட நிழலும் சேந்துக்கிடுதுல்லா. அப்ப பொம்பளையாட்களே கூடிப் பேசி, கங்காணி குணசீலன்கிட்டப் போயி, "அண்ணாச்சி, பத்து மணிக்கு மேல வந்து மூணு மணி வரைக்கும் சொமக்குதோம், அப்பத்தான் நிழல் சின்னதா இருக்கு"ன்னு கேட்டாவ. குணசீலன் தாடையத் தடவிக்கிட்டே யோசிக்கிற மாதிரி பாவனை பண்ணிட்டு, "உங்களுக்காகச் சரிங்குதேன்"ன்னான். அவனுக்கென்ன, உச்சியில ஆளுக சிட்டாப் பறந்து சொமந்தாவ.

தப்பு அங்கதான் நடந்துச்சி. அளத்துல ஏன் தலமொற தலமொறயா இருட்டோட போயி வெயிலுக்கு முன்னால வேலய முடிச்சிக் கரையேறுனாவங்குறது ஒருத்தருக்கும் ஞாவகம் வரல. உச்சி வெயில்ல உப்புப் பாத்தியப் பாத்திருக்கியளா? ஆயிரம் கண்ணாடிய ஒடைச்சிப் பரப்பி, அதுக்குள்ள ஒரு சூரியன வச்ச மாதிரி இருக்கும். வெள்ளையின்னா வெள்ளை, எமன் மாதிரி வெள்ளை. பழைய ஆளுக அந்த வெள்ளைக்குப் பயந்துதான் இருட்டுல போனாவ.

அந்த வெள்ளையிலயும் ஒரு சொகம் இருந்துச்சி. அளத்து ஓரத்துல ஒரு ஓலைக் கொட்டகை. கஞ்சி குடிக்க அதுக்குள்ள போயி உக்காந்தா, கொட்டகை நிழலுக்குள்ள நம்ம நிழல் காணாமப் போயிரும்லா, அப்பம் கனமே இருக்காது. செருப்பு கனங்கூட இருக்காது. உடம்பு அப்படியே காத்துல போட்ட துணியா லேசாயிரும். தங்கபுஷ்பம் கண்ண மூடிக்கிட்டு ஒக்காந்திருப்பா, கஞ்சி தானா எறங்கும். எந்திரிக்கவே யாருக்கும் மனசு வராது. கஞ்சிக்குப் போனவ ஊறுகாயத் தேடுவா, ஊறுகா கெடச்சவ தண்ணியத் தேடுவா.

சித்திரை பாதியில ஒரு நா வந்து பாத்தா கொட்டகையக் காணோம். நாலு குழி மட்டும் இருக்கு.

"கொட்டகை எங்க அண்ணாச்சி?"ன்னு கேட்டாவ.

"ஏளா, கூறு இருக்கா உங்களுக்கு?"ன்னான் குணசீலன். "நிழல் கனக்குதுல்லா? உங்க நிழலே பதினாலு கிலோன்னா, இம்மாம் பெரிய கொட்டகை நிழல் எம்புட்டு இருக்கும்? அது விழுந்து பக்கத்துப் பாத்தி தரையெல்லாம் அமுங்கிப்போச்சி. எல்லாம் நிழலால வந்தது. நான் என்ன செய்ய?"

எல்லாரும் "ஆமா, நிழல்தான்"ன்னாவ. அப்பல்லாம் அப்படித்தான். சோறு குழைஞ்சா நிழல், பஸ்ஸு வராட்டா நிழல், தண்ணி லாரி ரெண்டு வாரம் வராட்டாலும் பஞ்சாயத்துல கேட்டா "நிழல்". கேட்டவுகளும் தலைய ஆட்டிக்கிட்டு வந்துருவாவ. அந்தப் பக்கமா வந்த காசிராசன் நாலு குழியையும் எட்டிப் பாத்துட்டு, "குழிக்குள்ள உக்காந்தாக் கொஞ்சம் குளுமையாத்தான் இருக்கும்"ன்னான்.

ஆனி மாசம் தங்கபுஷ்பத்துக்கு எடது கண்ணுல புகை மூட்டம் மாதிரி வந்துச்சி. மொதல்ல அடுப்புப் புகைன்னு நெனச்சா. பெறவு அடுப்பே இல்லாத எடத்துலயும் புகை. உப்பு எது, நுரை எதுன்னு தெரியாம ஒருநா வரப்புலருந்து தவறி வெந்நீரா கொதிச்ச பாத்திக்குள்ள விழுந்தா. மறுநா பஸ் ஏறி, பாலத்துல எழும்பி எறங்கி, டவுனுல கண்ணு டாக்டரப் பாத்தா. அந்தம்மா சின்ன வயசுக்காரி. லைட்ட அடிச்சி ரொம்ப நேரம் பாத்துட்டு, சுத்தி வளைக்காமச் சொன்னாவ: "எடது கண்ணு போயிட்டும்மா. அதுக்கு மருந்தும் இல்ல, ஆபரேசனும் இல்ல. அத நெனச்சி அலையாதீங்க. வலது கண்ணு இன்னும் கெடல. மத்தியான வெயில்ல அந்த உப்பப் பாக்குறத நிறுத்துனா அது நிக்கும். நிறுத்தலன்னா வாற வருசம் அதுவும் போகும்."

"அளத்த விட்டா எனக்கு வேற வேலை கெடையாதே."

"அளத்த விடச் சொல்லலியே. மத்தியானத்த விடச் சொல்லுதேன்."

திரும்பி வரும்போது பஸ்ஸுல தங்கபுஷ்பம் ஒவ்வொரு கண்ணாப் பொத்திப் பொத்திப் பாத்துக்கிட்டே வந்தா. எடதப் பொத்துனா பனமரம் இருக்கு. வலதப் பொத்துனாப் பனமரம் இல்ல. போனது ஒண்ணு, இருக்கது ஒண்ணு. வீட்டுக்கு வந்து சொன்னா, காசிராசன் தலைய ஆட்டி, "நிழல் வந்த நேரம் புள்ள, என்ன செய்ய, ரெண்டும் போனாலும் நான் கையப் பிடிச்சிக் கூட்டிட்டுப் போவேன்"ன்னான். அவன் சொன்னதச் செய்வான், அது அவளுக்குத் தெரியும். அதனாலதான் அவளுக்குக் கோவம் கோவமா வந்துச்சி. அன்னப்பழம் வந்து, "எடது கண்ணையும் விடாதட்டி, மலையாளத்துல ஒரு வைத்தியன் இருக்கான், வா போவோம்"னு கையப் பிடிச்சி இழுத்தா. தங்கபுஷ்பம் கைய உருவிக்கிட்டா. செபத்தியான் கடையில போயி ஒரு கட்டு அப்பளம் வாங்கிட்டு வந்தா.

மறுநா ஞாயித்துக்கெழமை, லீவு. காலைல ஏழு மணி வெயில்ல அவ தெருவுல எறங்கி ஒரு அப்பளத்தத் தரையில வச்சி, தன் நிழல அது மேல விழுத்துனா. சடக்குன்னு ஒடைஞ்சிச்சி. சரி, இது நெசம்.

திண்டு மேல உக்காந்து சாயா குடிச்சிக்கிட்டிருந்த காசிராசன் நிழலுக்குள்ள ஒண்ண வச்சா. ஒடைஞ்சிச்சி. "சும்மா உக்காந்திருந்தாலும் மனுசன் மனுசந்தான்"ன்னா. அன்னப்பழத்து ஆட்டு நிழல்ல ஒண்ண வச்சா. ஆடு அப்பளத்தத் தின்னுட்டு. இன்னொண்ண வச்சி ஆட்ட இழுத்துப் பிடிச்சிக்கிட்டுப் பாத்தா, ஒடையல. வேப்பமர நிழல்ல வச்சா, ஒடையல. கரண்டுக் கம்ப நிழல், ஒடையல. கடைசியா மாதா கோயில் பின்னால போட்டிருக்க ஓலைப்பந்தலு, நாலு ஊருச் சனம் உக்காந்து சாப்புடுற பந்தலு, அதோட நிழல்ல ஒண்ண வச்சிட்டு எதுத்தாப்புல குத்த வச்சி உக்காந்துட்டா. எட்டு மணி ஆச்சி, ஒம்பது ஆச்சி. போறவாறவுக எல்லாம் "என்னளா, அப்பளத்துக்குக் காவலா?"ன்னு கேட்டுக்கிட்டுப் போனாவ. ஒம்பதரைக்கு அவ அந்த அப்பளத்த எடுத்து ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்தா. ஒரு கீறல் இல்ல.

அந்த அப்பளத்த முந்தானையில முடிஞ்சிக்கிட்டு வீடு வீடாப் போனா. அளத்துல சொமக்குற பொம்பளைகள, தன்னோட சேத்து இருவத்தி மூணு பேரு, அந்தப் பந்தல்ல கூட்டி அதக் காட்டுனா. "நம்ம நிழல் கனக்கு. அது யாரு செஞ்சது? ஒருத்தருஞ் செய்யல, அது வந்துச்சி, வந்தது கெடக்கு, சொமப்போம். கொட்டகை நிழல் கனக்கல. அப்படின்னா கொட்டகையப் பிரிச்சது யாரு?"

"குணசீலன்."

"மத்தியானத்துல சொமக்கணும்னு சொன்னது யாரு?"

ஒரு மூலையிலருந்து, "நாமதான்"னு வந்துச்சி.

"நாம சொன்னத நாம மாத்திச் சொல்லக் கூடாதா? இந்தா, எனக்குப் போயிட்டு ஒண்ணு. உங்கள்ல எத்தன பேருக்குப் புகை தெரியுது?"

ஒண்ணு ரெண்டுன்னு கையத் தூக்க ஆரம்பிச்சாவ, ஒம்பது கை. ஒம்பதாவது கை அன்னப்பழத்துக் கை. கலெக்டருக்கு அம்புட்டு மனு எழுதுனவ, கண்ணப் பத்தி ஒரு வரி எழுதல பாத்துக்கிடுங்க.

திங்கக்கெழமை போயிக் கேட்டாவ. பழையபடி நாலு மணிக்கு வாறோம், பத்து மணிக்கு ஏறுதோம், காலை நிழலுக்கு ஏத்தாப்புல பெட்டியச் சின்னதாக்கிக் குடுங்க, கொட்டகையத் திரும்பப் போடுங்க. குணசீலன் சிரிச்சான். "நிழல்கிட்டப் போயிக் கேளுங்களா"ன்னான். அப்பளத்தக் காட்டுனதும் அத வாங்கி நொறுக்குன்னு கடிச்சித் தின்னுட்டு, "உப்பு கம்மி"ன்னான்.

பெறவு பெரிய சண்டையெல்லாம் நடக்கல, அப்படி நெனச்சிராதீங்க. அந்த வாரம் முழுக்க எப்பவும் போலத்தான் சொமந்தாவ. வெள்ளிக்கெழமை சாயங்காலம் முதலாளியோட லாரி வந்துச்சி, சரக்கு மறுநாக் காலைல டவுனுல இருக்கணும். அம்பாரத்த ஏத்தி, தார்ப்பாய் கட்டி, லாரி அளத்து மண்ரோட்டுல ஏறி நின்னுச்சி. மணி அஞ்சு. சூரியன் மேக்க சாஞ்சிக்கிட்டிருந்துச்சி. லாரிக்கு மேக்காம ஒசந்த வரப்பு ஒண்ணு உண்டு. வேல முடிஞ்சி ரெண்டு மணி நேரம் ஆகியும் வீட்டுக்குப் போகாத இருவத்தி மூணு பொம்பளைகளும் வரிசையா அந்த வரப்பு மேல ஏறி நின்னாவ. நின்னு, பரண்லருந்து எடுத்துட்டு வந்த குடைய விரிச்சாவ.

நீளநீளமா இருவத்தி மூணு நிழலும், நிழலுக்கு மேல இருவத்தி மூணு குடை நிழலும், லாரி மேல போயி விழுந்துச்சி.

டிரைவர் கியரப் போட்டாரு. லாரி மொனங்குச்சி. பெறவு அடியில வில்லுப்பட்டை 'கிரீச்'சுன்னு அழுதுச்சி. டயரு மண்ணுக்குள்ள அரைக்கால் எறங்குச்சி. "அண்ணாச்சி, ஒங்க ஊருக்கு வந்தாலே எனக்குக் காலப் பிடிச்சி இழுக்கும், இன்னைக்கு லாரிய இழுக்கு!"ன்னு டிரைவர் எட்டிப் பாத்துக் கத்துனாரு.

குணசீலன் ஓடியாந்தான். வரப்புக்கும் லாரிக்கும் நடுவுல நின்னுக்கிட்டு, ரெண்டு கையையும் விரிச்சி, "எறங்குங்களா! எறங்குங்களா!"ன்னு குதிச்சான். அவன் நிழலும் கையோட காலோட லாரி மேலதான் விழுந்துச்சி. லாரி இன்னொரு விரக்கடை எறங்குச்சி.

லாரிக்கு மட்டுந்தான் பாரம்னு நெனச்சிராதீங்க. நிழலோட மறுமொனை அவுக குதிகால்லதான இருக்கு. சூரியன் சாயச் சாய ஒவ்வொருத்திக்கும் நிழல் நீண்டு நீண்டு, பதினாலு இருவதாச்சி, இருவது முப்பதாச்சி, தொடை நடுங்குது, இடுப்பு விட்டுப்போவுது, பல்லக் கடிச்சிக்கிட்டு நிக்காவ. தங்கபுஷ்பத்துக்கு வலது கண்ணுல மட்டும் அந்த லாரி தெரிஞ்சிச்சி, எடதுல ஒண்ணுமில்ல. அவ வலது கண்ண இமைக்காம வச்சிக்கிட்டு நின்னா. காசிராசன் வேலை முடிச்சி அந்தப் பக்கமா வந்தவன், கீழ நின்னுக்கிட்டு, "வா புள்ள, வீட்டுக்குப் போவோம், விடு"ன்னான். அவ திரும்பல. அவன் நிமிந்து, அவ இமைக்காம வச்சிருந்த அந்தக் கண்ணப் பாத்தான். பெறவு என்ன தோணுச்சோ, வரப்புல ஏறி அவ பக்கத்துல நின்னான். குடை இல்ல அவன்கிட்ட. தலைத்துண்ட அவுத்து ரெண்டு கையாலயும் ஒசத்தி விரிச்சிப் பிடிச்சான்.

சூரியன் தரையத் தொடுற நேரம். அப்ப நிழலுக்கு அளவே கெடையாது, கடல் வரைக்கும் போவும். லாரி அச்சு மண்ணுல முட்டிட்டு. குணசீலன் செல்போன எடுத்து முதலாளிக்கு அடிச்சான். இங்க இருந்தவுகளுக்கு முதலாளி பேசுனது கேக்கல, குணசீலன் பேசுனதுதான் கேட்டுச்சி. "இல்ல முதலாளி… பொம்பளையாளுக நிக்காளுவ முதலாளி… சும்மாதான் நிக்காளுவ… அடிக்கல்லாம் இல்ல முதலாளி, நிழலப் போடுதாளுவ… ஓலைக் கொட்டகை… ஆமா, ஓலைதான்… சின்னப் பெட்டி… சரி முதலாளி."

போன மடக்கிட்டு, "போட்டுத் தொலைக்கேன், எறங்குங்க"ன்னான்.

"நாலு மணிக்கு வந்து பத்து மணிக்கு ஏறுவோம்"ன்னா தங்கபுஷ்பம்.

"சரி."

"சின்னப் பெட்டி."

"சரிளா!"

அன்னப்பழம் அந்தக் கடைசிலருந்து கத்துனா: "அப்படியே நிழலையும் எடுக்கச் சொல்லுட்டி!"

"அது அவரால ஆகாதுக்கா, விடு"ன்னா தங்கபுஷ்பம். சொல்லிட்டுக் குடைய மடக்குனா. இருவத்தி மூணு குடையும் மடங்குச்சி. சூரியனும் போயிட்டு, நிழலும் போயிட்டு. லாரி பெருமூச்சு விட்டுக்கிட்டு மண்ணுக்குள்ளருந்து எழும்புச்சி. பள்ளத்துல மாட்டிக்கிட்டதத் தள்ளிவிடவும் அவுகதான் போனாவ, வேற யாரு இருக்கா?

கொட்டகை புதன்கெழமை வந்துச்சி, முன்னால இருந்தத விட ஒரு கை அகலம் கொறச்சல். அதுக்கென்ன, நெருங்கி உக்காந்துக்கிட்டாவ.

அன்னப்பழம் நிழலப் பத்தி மனு எழுதுறத நிறுத்தல. இப்பம் கண்ணப் பத்தியும் ஒரு வரி சேத்து எழுதுதா. காசிராசன் வீட்டுக் கூரையில ஏறி ஒழுகுற எடத்துல ஓலை சொருவுனான், ரெண்டு எடத்துல, மூணாவது எடத்த விட்டுட்டான். நிழல் அப்படியேதான் கனத்துச்சி. வாற தையிக்குப் போயிரும், வாற பங்குனிக்குப் போயிரும்னு சொன்னாவ, போகல.

அந்த மொத புதன்கெழமை, ஒம்பது மணிக்கு, தங்கபுஷ்பம் கொட்டகைக்குள்ள போயி, ஓலையில சாஞ்சி ஒக்காந்தா. நிழல் காணாமப் போச்சி. உடம்பு லேசாச்சி. எடது கண்ணத் தொறந்து வச்சிக்கிட்டு வலதப் பொத்திப் பாத்தா, ஒண்ணுமில்ல. வலதத் தொறந்தா, அளம் முழுக்க வெள்ளையா இருந்துச்சி, ஆனா ஓலை இடுக்கு வழியாப் பாக்கும்போது அந்த வெள்ளை கண்ணக் குத்தல. கஞ்சியக் குடிச்சா. தூக்குவாளியக் கழுவிக் கவுத்தா. இன்னுங் கொஞ்ச நேரம் உக்காந்தா யாருஞ் சொல்லமாட்டாவ, ஆனா இன்னும் எட்டுப் பெட்டி கெடக்கு.

எந்திரிச்சிக் கொட்டகைய விட்டு வெளிய ஒரு எட்டு வச்சா. நிழல் வந்து குதிகால்ல மாட்டிக்கிட்டு.

"சரி, வா"ன்னுட்டு, சும்மாட்டக் கூட்டிக்கிட்டு நடந்தா.